கிளாரெண்டன் சாலையில் ஒரு குடியானவன் வீடு



நியூயார்க் மாநகரில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழமையானது எது என்று உங்களிடம் யாரேனும் வினவினால், ஒரு கோட்டையையோ ஆளுநர் மாளிகையையோ பெரிய தேவாலயத்தையோ நீங்கள் நினைக்கக்கூடும். அது ஒரு குடியானவனின் வீடு. புரூக்ளின் பகுதியில், கிளாரெண்டன் சாலையும் ரால்ஃப் அவென்யூவும் சந்திக்கும் மூலையில், கடைகளும் வாகனப் பட்டறைகளும் சூழ்ந்திருக்க, மரச்சில்லுகள் வேய்ந்த தாழ்ந்த கூரையோடு அது நிற்கிறது. அதன் முதற்பகுதி ஏறத்தாழ 1652-ஆம் ஆண்டில் எழுந்தது என்பர். பெயர் வைக்காஃப் இல்லம். அந்த வீட்டை யார் கட்டினார், யார் விற்றார், யார் காப்பாற்றினார் என்பதை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதை நினைக்கும்போதெல்லாம் என் மனத்தில் எழும் ஒரு கேள்வியும் உண்டு. ஒரு வீட்டைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது?

1637-ஆம் ஆண்டில் ஒல்லாந்திலிருந்து வந்த ஒரு கப்பல் ஹட்சன் ஆற்றின் வழியே அமெரிக்காவின் உட்பகுதியை அடைந்தது. அதில் பீட்டர் கிளாசன் என்னும் இளம் பிராயத்தவன் இருந்தான். இன்றைய ஜெர்மனியின் வடகடலோரத்தில் பிறந்தவன். கையில் பொருளில்லை. கிலியான் வான் ரென்செலர் என்னும் ஆம்ஸ்டர்டாம் வைர வணிகருக்கு இன்றைய ஆல்பனி நகரைச் சூழ்ந்து ஒரு பெரும் பண்ணை நிலம் இருந்தது. அந்த வணிகர் தம் நிலத்தை ஒருமுறையேனும் வந்து பார்த்தவரல்லர். அங்கே ஆறு ஆண்டுகள் வேலை செய்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுள் பீட்டரும் ஒருவன். மலாயாவுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் உண்டு. ஆறு ஆண்டு ஒப்பந்தம் என்பது என்ன என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அந்தக் கப்பலை அனுப்பிய ஒல்லாந்தர் நமக்கும் அந்நியரல்லர். பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்களும் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியவர்களும் அவர்களே. கீழ்த்திசைக்கு ஒரு கும்பனி, மேல்திசைக்கு ஒரு கும்பனி என்று அவர்கள் உலகைப் பங்கிட்டு வாணிகம் செய்த காலம் அது.

பீட்டர் ஒப்பந்தத்தை முடித்து விடுதலை பெற்றார். கிரீத்யே வான் நெஸ் என்னும் பெண்ணை மணந்தார். பின்பு ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து, இன்று நியூயார்க் எனப்படும் அன்றைய நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே, லாங் ஐலண்ட் தீவின் சமவெளியில் குடியேறினார். அந்த ஒல்லாந்துக் குடியேற்றத்தின் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட்டின் நிலத்தையும் கால்நடைகளையும் மேற்பார்ப்பது அவர் வேலையாயிற்று. அக்காலத்தில் எழுந்ததே நாம் பேசும் வீடு. தொடக்கத்தில் அது ஒரே அறை. தரை, மிதித்து இறுக்கிய மண். சாளரங்களில் கண்ணாடி கிடையாது. இரு முனையிலும் ஒவ்வொரு கதவு. நம் தாத்தா பாட்டிமார் வாழ்ந்த மண்வீடுகளுக்கும் அதற்கும் அதிக வேற்றுமை இருந்திருக்காது. பீட்டருக்கும் கிரீத்யேவுக்கும் பிறந்த பிள்ளைகள் பதினொருவர்.

வீட்டின் எலும்புக்கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒல்லாந்துத் தச்சர்கள் இரண்டு கனத்த தூண்களை நிறுத்தி, அவற்றின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய உத்திரத்தைப் பொருத்தி, மூலைகளில் முட்டுக்கட்டைகளால் இறுக்குவார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஆங்கில எழுத்தான ‘எச்’ போலத் தோன்றும். இத்தகைய சட்டங்களை வரிசையாக நிறுத்தினால் வீடு உருவாகும். அறை போதவில்லை என்றால் இன்னும் சில சட்டங்களைச் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். வைக்காஃப் குடும்பமும் அவ்வாறே செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அறைகள் கூடின. மண்தரை பலகைத் தரையாயிற்று. சுவரைக் கடந்து வெளியே வளைந்து நீளும் இறவாரம் வந்தது. இன்று நாம் காணும் வீடு ஒரே நாளில் ஒருவர் கட்டியது அன்று. தலைமுறைகள் ஒட்டி ஒட்டி வளர்த்தது.

குடும்பப் பெயரும் அப்படியே வளர்ந்ததுதான். கிளாசன் என்றால் கிளாஸின் மகன் என்பது பொருள். நம் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்தை இடுவதுபோன்ற வழக்கம் அது. 1664-இல் ஆங்கிலேயர் அந்த நாட்டைக் கைப்பற்றிய பின்பு, தலைமுறைக்குத் தலைமுறை மாறாத ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. பீட்டர் தேர்ந்துகொண்ட பெயர் வைக்காஃப். கூலியாக வந்தவர் அதற்குள் ஊரின் நீதி விசாரிப்போருள் ஒருவராக உயர்ந்திருந்தார். 1654-இல் அவ்வூரில் தோன்றிய பிளாட்லேண்ட்ஸ் சீர்திருத்தச் சபையைத் தாங்கி நிறுத்தியவர்களுள்ளும் அவர் இருந்தார். 1694-இல் அவர் மரித்தபோது அந்த ஆலயத்துப் பிரசங்கபீடத்தின் அடியில் அடக்கம் செய்யப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. அந்தச் சபை இன்றும் கூடுகிறது. இப்போதுள்ள ஆலயம் 1848-இல் எழுந்தது.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் கேட்பதற்கு இனிய கதை. அடிமட்டத்திலிருந்து உழைத்து உயர்ந்த விசுவாசியின் வரலாறு என்று ஒரு நல்ல பிரசங்க உதாரணமாகவும் ஆகும். உண்மையைச் சொல்லுகிறேன், நானும் ஒரு காலத்தில் இதை அப்படித்தான் படித்தேன்.

ஆனால் அந்த நிலம் வெறும் நிலமாகக் கிடக்கவில்லை. லெனாப்பே மக்களின் ஒரு கிளையினரான கனார்சி குடியினர் அந்தச் சமவெளியில் சோளம் விதைத்தும், அருகேயுள்ள உவர்ச் சதுப்பிலும் விரிகுடாவிலும் மீனும் சிப்பியும் எடுத்தும் வாழ்ந்தனர். 1636-இல் ஒல்லாந்து அதிகாரிகள் அவர்களிடமிருந்து அந்தச் சமவெளியை விலைக்கு வாங்கியதாகப் பத்திரம் எழுதிக்கொண்டனர். நிலத்தை என்றென்றைக்கும் ஒருவன் தனக்கென்று அடைத்துக்கொள்வது என்னும் எண்ணமே இல்லாத மக்களிடம் எழுதி வாங்கிய பத்திரம் அது. காடு வெட்டிக் கழனி திருத்தினார்கள் என்று முன்னோடிகளை நாம் புகழும்போது, அந்தக் கழனியின் ஒரு பகுதி முன்பே திருத்தப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் குடும்பம் பின்னாளில் அடிமைகளை வைத்திருந்தது. அக்குடும்பம் மட்டுமன்று, அந்தச் சுற்றுவட்டாரமே அப்படி இருந்தது. புரூக்ளினும் அதைச் சூழ்ந்த ஒல்லாந்து ஊர்களும் அடங்கிய கிங்ஸ் மாவட்டத்தில் 1790-இல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, மொத்தம் 4,495 பேர் எண்ணப்பட்டனர். அவர்களுள் 1,432 பேர் அடிமைகள். மூவருள் ஏறக்குறைய ஒருவர்! வடமாநிலங்களில் அடிமைத்தனம் இல்லை என்று நினைத்திருந்த எனக்கு அந்த எண் நெடுநேரம் கண்ணை விட்டு அகலவில்லை. நியூயார்க் மாநிலத்தில் அடிமைத்தனம் முற்றாக ஒழிந்தது 1827 ஜூலை 4 அன்றுதான். ஆறு ஆண்டு ஒப்பந்தம் முடிந்து பீட்டர் வெளியே நடந்தார். அவர் வழிவந்தோரின் வயலில் உழைத்தவர்களுக்கு முடிவுத் தேதி எழுதிய ஒப்பந்தம் ஏதும் இருக்கவில்லை. அவர்களை வைத்திருந்தவர்கள் ஞாயிறுதோறும் ஆலயம் சென்றவர்களே. நாம் இதைத் தூரத்து ஊர்க் கதையாகக் கேட்டுவிட்டுப் போக முடியுமா? நம் ஊர்களிலும் நிலம் வைத்திருந்த சபையார் இருந்தனர். அவர்கள் வயலில் பண்ணையாட்களாய்த் தலைமுறை தலைமுறையாய்க் கட்டுண்டு கிடந்த குடும்பங்களும் இருந்தன.

அந்த வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில், அதே சமவெளியில் லாட் குடும்பத்தின் பண்ணை வீடு ஒன்றும் நிற்கிறது. 1990-களின் இறுதியில் தொல்லியலார் அங்கே ஆராய்ந்தபோது, கூரையடியிலுள்ள சிற்றறையின் தரைப்பலகைகளுக்குக் கீழே சில பொருள்களைக் கண்டெடுத்தனர். மணிகள் உதிர்ந்த சோளக்கதிர்த் தண்டுகள் சிலுவை வடிவாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு சிறு துணிப்பையும் சிப்பி ஓடும் இருந்தன. அங்கே படுத்துறங்கிய ஆப்பிரிக்க அடிமைகள் தங்கள் மூதாதையரின் சமய வழக்கப்படி மறைவாக வைத்தவை அவை என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். அந்த மக்கள் எழுதி வைத்த கடிதம் இல்லை, உயில் இல்லை, கல்லறைக்கல் இல்லை. அந்தப் பலகைகளைப் பெயர்த்து விறகாக்கியிருந்தால் அந்தச் சாட்சியும் இல்லாமற்போயிருக்கும். பழைய வீட்டை ஏன் காக்க வேண்டும் என்று கேட்போருக்கு நான் முதலில் சொல்லுவது இந்தச் சோளத்தண்டுகளைத்தான்.

இனி வீடு அழியாமல் தப்பிய வரலாற்றுக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அந்தப் பகுதி முழுவதும் விளைநிலமே. 1880-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்க நாட்டிலேயே காய்கறி விளைச்சலில் குயின்ஸ் மாவட்டம் முதலிடத்திலும் கிங்ஸ் மாவட்டம் இரண்டாமிடத்திலும் இருந்தன. ஆனால் நகரம் நெருங்கி வந்தது. 1896-இல் பிளாட்லேண்ட்ஸ் ஊர் புரூக்ளினோடு இணைந்தது. 1898-இல் புரூக்ளின் நியூயார்க்கோடு இணைந்தது. முட்டைக்கோசு விளைந்த நிலம் வீட்டுமனையாயிற்று. உழுபவனுக்குக் கிடைத்ததைவிட மனை விற்பவனுக்குப் பன்மடங்கு கிடைத்தது. 1901-இல் வைக்காஃப் குடும்பம் நிலத்தை விற்றது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரே குடும்பம் உழுத மண்! தன் பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடேன் என்று நின்ற நாபோத்தை நாம் போற்றுகிறோம். விற்றவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. வரியும் விலையும் ஒருபுறமிருந்து நெருக்க, பிள்ளைகள் வேறு தொழில் தேடிப் போன ஒரு குடும்பம் வேறென்ன செய்திருக்கும்? நம்முள் பலர் கிராமத்து நிலத்தை விற்றுத்தான் பட்டணத்துக்கு வந்தோம்.

வயல்கள் தெருக்களாயின. வீடு மட்டும் எப்படியோ நின்றது, பழுதுபார்ப்பாரின்றி, எந்நாளும் இடிக்கப்படலாம் என்னும் நிலையில். 1937-இல் பீட்டரின் வழிவந்தோர் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1961-இல் அந்தச் சங்கம் வீட்டை விலைக்கு வாங்கியது. குடும்பம் விற்ற வீட்டைக் குடும்பமே மீட்க அறுபது ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளில் நியூயார்க் நகரம் வேறொரு பாடத்தைக் கசப்பாகக் கற்றுக்கொண்டிருந்தது. 1910-இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா ரயில் நிலையம், உயர்ந்த கருங்கல் தூண்களோடு, ரோமாபுரியின் பழங்கட்டடம் போல எழும்பியிருந்தது. 1963 அக்டோபரில் அதை இடிக்கத் தொடங்கினர். தூண்கள் நியூ ஜெர்சியின் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டன. தடுக்கச் சட்டமில்லை. மக்களின் வேதனையும் வெட்கமும் ஒன்றுசேர்ந்ததன் விளைவாக, 1965 ஏப்ரல் 19 அன்று மேயர் ராபர்ட் வாக்னர் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சின்னமென்று அறிவிக்கப்பட்ட கட்டடத்தை, உரிமையாளரே ஆனாலும், ஆணையத்தின் அனுமதியின்றி இடிக்கவோ வெளித்தோற்றத்தை மாற்றவோ கூடாது என்பது அதன் சாரம். இது சொத்துரிமையில் தலையிடுவதாகும் என்று பின்னர் வழக்கு நடந்தது. 1978-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

1965 அக்டோபர் 14 அன்று ஆணையம் தன் முதற்சின்னங்களை அறிவித்தது. பட்டியலில் முதலாம் எண் எந்தக் கட்டடத்துக்குக் கொடுக்கப்பட்டது தெரியுமா? கிளாரெண்டன் சாலையின் அந்தக் குடியானவன் வீட்டுக்கு. கருங்கல் தூண்களை இழந்த நகரம், மண்தரையில் தொடங்கிய வீட்டைத் தன் முதல் நினைவாக எழுதிக்கொண்டது.

அறிவிப்பினால் மட்டும் கூரை ஒழுகாமல் நின்றுவிடாது. 1969-இல் சங்கம் வீட்டை நகரத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. 1970-களின் இறுதியில் தீப்பிடித்துச் சேதமுற்றது. 1982-இல் பழுதுபார்ப்பு நிறைவேறியது. சட்டம், பணம், தச்சு வேலை, பொறுமை ஆகிய நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் அது இன்று இராது. இவற்றுள் மிக அரிதாகக் கிடைப்பது பொறுமை என்பது, கட்டடக் குழுக்களில் உட்கார்ந்து பழகிய என் எண்ணம்.

காப்பாற்றுவதில் இன்னொரு வழியும் உண்டு. அதே பிளாட்லேண்ட்ஸ் பகுதியில் யான் மார்ட்டென்ஸ் ஷென்க் என்பவர் 1675-ஐ ஒட்டிக் கட்டிய வீடு 1952-இல் பலகை பலகையாகப் பிரிக்கப்பட்டது. 1964-இல் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்குள் அது மீண்டும் பொருத்தி நிறுத்தப்பட்டது. வெயிலும் மழையும் அதைத் தொடுவதில்லை. அவ்வாறு செய்திராவிட்டால் அது அழிந்தே போயிருக்கும். ஆகவே நான் அதைப் பழிக்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்கு இப்போது மண்ணில்லை, அயலார் இல்லை. வைக்காஃப் வீட்டின் அருமை அது பிறந்த மண்ணிலேயே நிற்பதில் இருக்கிறது.

யார் வீடு காக்கப்படுகிறது என்பதும் ஒரு கேள்விதான். அடிமைத்தனம் ஒழிந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1838-இல், ஜேம்ஸ் வீக்ஸ் என்னும் கறுப்பினத்தவர் புரூக்ளினில் நிலம் வாங்கினார். அவரைச் சுற்றி விடுதலை பெற்ற மக்களின் ஊர் ஒன்று வளர்ந்தது. பள்ளியும் ஆலயமும் செய்தித்தாளும் கொண்ட அந்த வீக்ஸ்வில் ஊரை நகரம் விழுங்கி, மறந்தும் போயிற்று. 1968-இல் ஆய்வாளர் ஒருவரும் விமானி ஒருவரும் சிறு விமானத்தில் தாழப் பறந்து தேடியபோதுதான், தெருக்களின் ஒழுங்குக்கு ஒத்துவராமல் கோணலாக நின்ற சில மரவீடுகள் கண்ணிற்பட்டன. பழைய சாலையின் போக்கில் கட்டப்பட்டவை அவை. அவற்றைக் காக்க வேண்டும் என்று எழுந்த குரல்களில் அப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளின் குரலும் இருந்தது. 1970-இல் அவையும் சின்னங்களாயின. வைக்காஃப் வீட்டுக்கு ஒரு குடும்பச் சங்கம் இருந்தது. வீக்ஸ்வில்லுக்கு அந்தப் பிள்ளைகள் இருந்தனர்.

நமக்கும் இந்தக் குடும்பப் பெயருக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பீட்டர் தாங்கி நின்ற ஒல்லாந்துச் சீர்திருத்தச் சபையே பிற்காலத்தில் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையாயிற்று. 1853-இல் ஸ்கடர் குடும்பத்து மிஷனெரிகள் அச்சபையின் சார்பில் ஆற்காடு மிஷனைத் தொடங்கினர். அந்த மிஷனில் திண்டிவனத்தில் ஊழியம் செய்தவர் ஜான் வைக்காஃப் ஐயர். மிஷனின் நூற்றாண்டு வரலாற்றை எழுதியவர் சார்லட் வைக்காஃப் அம்மையார். அமெரிக்காவில் அப்பெயர் தாங்கியோர் பெரும்பாலும் அந்தப் பண்ணை வீட்டு வழியினரே என்று கருதப்படுகிறது. வட ஆற்காட்டிலும் தென் ஆற்காட்டிலும் இருந்து வந்த குடும்பங்கள் நம் சபையில் உண்டு. உங்கள் கொள்ளுப்பாட்டியாரின் ஞானஸ்நானப் பதிவில் இப்பெயர் இருந்தாலும் வியப்பில்லை.

என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒரு சேகரத்தில், செம்மண் சுவரும் நாட்டு ஓடும் கொண்ட பழைய ஜெபவீட்டை இடித்துக் கான்கிரீட் ஆலயம் கட்டத் தீர்மானித்தோம். ஆதரவாக நானும் கை உயர்த்தினேன். பிரதிஷ்டை நாளில் ஒரு முதிய தாயார் என்னிடம் வந்து, “ஐயா, அந்த வாசற்படிக் கல் எங்கே?” என்று கேட்டார். அவருடைய தகப்பனார், உள்ளே வர அனுமதி இல்லாதிருந்த காலத்தில், அந்தக் கல்லில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவராம். கல் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. விசாரித்தும் கிடைக்கவில்லை. அந்தச் சபையில் அப்படி ஒரு காலம் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

யோர்தானைக் கடந்தபின் கில்காலில் பன்னிரண்டு கற்கள் நிறுத்தப்பட்டதன் நோக்கத்தை நீங்கள் அறிவீர்கள். பின்னாளில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து, இவை ஏது என்று கேட்க வேண்டும். வைக்காஃப் வீட்டைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இப்போது பீட்டரின் கதையோடு கனார்சி மக்களின் கதையும், அங்கே அடிமைப்பட்டு உழைத்தவர்களின் கதையும் சொல்லப்படுகின்றன. நெடுங்காலம் முதற்கதை மட்டுமே சொல்லப்பட்டது. வீடு நின்றிருந்ததால்தான் மற்றவற்றையும் சொல்ல ஒரு நாள் வந்தது.

வீட்டைச் சுற்றி இன்று சிறிய பூங்காவும் காய்கறித் தோட்டமும் இருக்கின்றன. ஜமைக்கா, ஹெய்ட்டி, டிரினிடாட் முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களே அக்கம்பக்கத்தில் பெரும்பாலோர். அவர்களுள் பலரின் மூதாதையர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். அயலாரின் கைகள் மறுபடியும் அந்த மண்ணில் விதைக்கின்றன. அறுவடையை எடுத்துச் செல்வோரும் அவர்களே.